ஊரறிந்த புள்ளி

போனை எடுத்தால் அவர் ஹலோ சொல்ல மாட்டார். இடத்தைத்தான் சொல்வார். “டோல்கேட் தாண்டிட்டேன்.” “காவேரிப் பாலத்துல நிக்கறேன், முன்னாடி ஒரு கரும்பு லாரி.” அதற்கப்புறம்தான் கூப்பிட்டது யார், எதற்காக என்பதெல்லாம். ராங் நம்பரில் அழைத்த ஒருவரிடம்கூட அவர் மண்ணச்சநல்லூரில் இருப்பதாகச் சொல்லிவிட்டு, பிறகு நிதானமாக யாரென்று விசாரித்ததை நானே கேட்டிருக்கிறேன்.

அப்போது நான் தென்னூரில் ஒரு சின்ன மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தேன். பிரசவமும் பெண்களுக்கான ஆபரேஷன்களும்தான் அங்கே. மருத்துவமனை எங்கள் டாக்டரம்மாவுடையது. அவர் கத்தியை எடுப்பதற்கு முன்னால் மயக்க மருந்து கொடுக்க வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டும். அந்த ஒருவர்தான் இவர். எங்கள் எல்லோருக்கும் மேடம். பெயர் இருந்தது. அங்கே யாரும் அதைச் சொல்லி அழைத்ததில்லை, நானும் இங்கே சொல்லவில்லை.

மயக்க மருந்து டாக்டர்களுக்கு ஓர் இடம் என்று கிடையாது. காலையில் துறையூரில் ஒரு கர்ப்பப்பை ஆபரேஷன், மத்தியானம் தென்னூரில் ஒரு சிசேரியன், சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் எலும்பு முறிவு என்று காரிலேயே வாழ்கிறவர்கள். நோயாளியை மேஜையில் படுக்க வைத்துவிட்டு டாக்டரம்மா கேட்கும் முதல் கேள்வி, “மேடம் எங்க வராங்க?” மற்ற மருத்துவமனைகளில் இதற்கு யாராவது போன் போட்டுப் பார்ப்பார்கள். எங்கள் மருத்துவமனையில் நான் கம்ப்யூட்டரைப் பார்ப்பேன்.

மேடத்துக்கு ஹாம் ரேடியோ லைசென்ஸ் இருந்தது. அரசாங்கம் வைக்கும் பரீட்சையை எழுதி, சொந்தமாக ஒரு வானொலி நிலையம் வைத்துக்கொண்டு, அதேபோல் வைத்திருக்கும் மற்றவர்களோடு பேசுகிறவர்களுக்கான லைசென்ஸ் அது. பொழுதுபோக்குதான், சம்பாத்தியம் கிடையாது. மேடத்தின் கார் கூரையில் ஒரு மெல்லிய கம்பி ஆடிக்கொண்டிருக்கும். உள்ளே ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி. கார் எங்கே இருக்கிறது என்று அந்தப் பெட்டி செயற்கைக்கோளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ரேடியோ வழியாக வெளியே சொல்லும். ஸ்ரீரங்கத்தில் அவருடைய ஃபிளாட்டின் மொட்டை மாடியிலும், துறையூருக்கு மேலே பச்சைமலையில் அவருடைய ரேடியோ நண்பர் ஒருவரின் தோட்டத்திலும் அதைக் கேட்கும் ஆன்டெனாக்கள் இருந்தன. அவை வாங்கி மறுபடி ஒலிபரப்பும், இணையத்திலும் போடும். அங்கே ஒரு வரைபடம். அதில், லைசென்ஸோடு கொடுத்த மேடத்தின் அழைப்புக்குறியோடு ஒரு சிவப்புப் புள்ளி சாலை மேல் ஊர்ந்துகொண்டே இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பாஸ்வேர்டு கிடையாது.

இந்த ‘யார் வேண்டுமானாலும்’தான் எனக்குப் புரியவே இல்லை. இதற்கு வாட்ஸ்அப் போதாதா என்று கேட்டேன். “அதுல யாருக்கு அனுப்பறோம்னு தெரியும். இதுல தெரியாது” என்றார். தெரியாமல் இருப்பது எப்படி ஒரு வசதி என்று எனக்கு விளங்கவில்லை. அவரும் விளக்கவில்லை.

வைகுண்ட ஏகாதசி சமயத்தில் ஒருநாள் இப்படித்தான் நான் அசடு வழிந்தேன். ஸ்ரீரங்கத்து வீதிகளெல்லாம் கூட்டம். புள்ளி உத்தர வீதியை விட்டு நகரவில்லை. டாக்டரம்மா பொறுமையிழந்து என் மேஜைக்கே வந்துவிட்டார். “இன்னும் ஸ்ரீரங்கத்துலயேதான் இருக்காங்கம்மா” என்று நான் திரையைக் காட்டிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து, “கேஸ் ரெடியா?” என்று குரல் கேட்டது. மேடம். காரை வீதியிலேயே விட்டுவிட்டு யாருடைய ஸ்கூட்டரிலோ தொற்றிக்கொண்டு வந்திருக்கிறார். நான் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். “அது கார்ம்மா. நான் இல்ல” என்றார். கொஞ்சம் கோபம் இருந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அடுத்த வாரமே கைக்கு அடக்கமான இன்னொரு பெட்டி வாங்கித் தோள்பையில் போட்டுக்கொண்டார். கார் பெட்டிக்கு ஓய்வு கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு புள்ளி காரைக் காட்டவில்லை, அவரைக் காட்டியது.

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிகிற பெண்களிடமும் அவருக்கு அதே பேச்சுதான். கன்னத்தைத் தட்டி, “எங்க இருக்கீங்க, சொல்லுங்க பாப்போம்” என்பார். மயக்கம் தெளிந்ததா என்று பார்க்க எல்லா டாக்டர்களும் கேட்கிற கேள்விதான். இவர் மட்டும் பதில் வரும்வரை விட மாட்டார். ஒரு பெண், “எங்கம்மா வீட்ல” என்று முனகினாள். மேடம் அவள் தலையைத் தடவி, “இல்லம்மா, தென்னூர்ல இருக்கீங்க” என்று திருத்தினார். அந்தப் பெண் இரண்டாவது தடவையும் அம்மா வீடு என்றே சொன்னாள். மேடமும் இரண்டாவது தடவை திருத்தினார். அவள் தென்னூர் என்று சொன்ன பிறகுதான் கையுறையைக் கழற்றினார்.

எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் அவரிடம் கேட்கக் கூடாது. “டிபன் சாப்டீங்களா மேடம், டயர்டா தெரியறீங்களே” என்று நான் ஆரம்பித்தால், “சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஒரே டிராஃபிக்” என்று பேச்சை ரோட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். வருஷக்கணக்காகப் பழகியும், அவர் இருக்கும் இடத்தைத் தவிர அவரைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

ஒரு வருஷம் பெரிய புயல் அடித்தது. மருங்காபுரிப் பக்கம் ஒரு கிராமத்தில் மருத்துவ முகாமுக்குப் போயிருந்தவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். கரண்ட் இல்லை, செல்போன் கோபுரங்கள் செத்துவிட்டன, என் கம்ப்யூட்டரும் இருட்டு. காலையில் ரெயின்கோட்டில் நனைந்தபடி ஒருவர் மருத்துவமனைக்கு வந்தார். மேடத்தின் ரேடியோ நண்பர்களில் ஒருவராம். கார் பேட்டரியில் ரேடியோவை ஓட்டிக்கொண்டிருக்கிறாராம். “மேடம் நல்லா இருக்காங்க. ரோட்ல மரம் விழுந்து கெடக்கு, வர நேரமாகும். நீங்க கவலைப்படுவீங்கன்னு சொல்லச் சொன்னாங்க” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் கவலைப்படுவோம் என்று மேடம் நினைத்ததே எனக்கு ஆச்சரியம்.

அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் ஒரு சண்டை. நாளைக்கு நாலு தடவை போன் பண்ணி எங்கே இருக்கிறாய் என்று கேட்பது அவர் வழக்கம். மருத்துவமனையில்தான் இருப்பேன் என்று அவருக்கும் தெரியும், இருந்தாலும் கேட்பார். எரிச்சலில் இதை மேடத்திடம் சொல்லி, உங்களால் மட்டும் எப்படி ஊருக்கே சொல்லிக்கொண்டு இருக்க முடிகிறது என்று கேட்டேன். கை கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடினார்.

“ஒருத்தருக்கு மட்டும் சொல்லியாகணும்னா அது பதில் சொல்றது. எல்லாருக்கும் சொன்னா அது பதில் இல்ல.”

எனக்குப் புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. வீட்டில் இதை என் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர், “அப்ப நீ எங்க இருக்கேன்னு சொல்லப் போறியா, இல்லியா?” என்றார்.

சில மாதம் கழித்து ஒரு மனிதர் வந்தார். அறுபதை ஒட்டிய வயது, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வேட்டி. கூட நோயாளி யாரும் இல்லை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பேப்பர் படித்தார். கடைசியில் மேஜைக்கு வந்து, “மயக்க ஊசி டாக்டர் எங்க வந்துட்டிருக்காங்க?” என்று பணிவாகக் கேட்டார். என் திரையில்தான் பதில் இருந்தது. ஆனாலும் ஏதோ தடுத்தது. மேடத்துக்குப் போன் செய்து ஆளின் அடையாளத்தைச் சொன்னேன். முதல்முறையாக அந்தப் பக்கம் ஊர்ப் பெயர் எதுவும் வரவில்லை. வண்டியை ஓரம் கட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “காட்டுங்கம்மா. மறைக்கறதுக்கு அதுல என்ன இருக்கு?” என்றார்.

காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, புள்ளி சத்திரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வருவதைப் பார்த்தார். அது எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் கிளம்பிப் போய்விட்டார்.

அன்றைக்கு மேடம் பின்வாசல் வழியாக வந்தார். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் முன் என்னிடம் நின்று, “அவர் என் வீட்டுக்காரரா இருந்தவர்” என்றார். வேறு யாருடைய கதையையோ சொல்வதுபோல மீதியையும் சொன்னார். மேடம் ஸ்ரீரங்கத்தில் கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பெண். அந்த மனிதருக்குத் துறையூரில் அரிசி ஆலை. இரண்டு வீட்டையும் பகைத்துக்கொண்டு செய்த கல்யாணம். அடிக்க மாட்டார், திட்ட மாட்டார். மேடம் போகும் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் போன் போடுவார். வந்துவிட்டாளா, எப்போது கிளம்பினாள், கூட யார் இருந்தார்கள். சாயங்காலம் காரின் கிலோமீட்டரைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு ஏன் அதிகம் ஓடியிருக்கிறது என்று மெதுவாகக் கேட்பார். பல வருஷம் பதில் சொல்லிவிட்டு, ஒருநாள் மேடம் சொல்ல மாட்டேன் என்று கிளம்பி வந்துவிட்டார். ரேடியோ பரீட்சை எழுதியது அதற்கப்புறம்.

ஒருத்தர் கண்ணிலிருந்து தப்பி வந்தவர் எதற்கு உலகத்துக்கே முகவரி காட்ட வேண்டும்? கேட்க வாயெடுத்தேன். நர்ஸ் வந்து கூப்பிட்டுவிட்டார்.

அந்த மனிதர் இன்னும் சில தடவை வந்து உட்கார்ந்தார். பிறகு தன் போனிலேயே வரைபடத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டார் போல, வரவில்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

அது ஒரு சனிக்கிழமை. துறையூரில் காலைக் கேஸை முடித்துவிட்டு மேடம் எங்களிடம் வர வேண்டும். சிசேரியனுக்கு ஒரு பெண் தயாராக இருந்தாள். முதல் பிரசவம், குழந்தையின் துடிப்பு கொஞ்சம் குறைகிறது என்று டாக்டரம்மாவுக்குக் கவலை. புள்ளி புலிவலம் தாண்டியதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நின்றுவிட்டது. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அந்தப் பெண்ணின் புருஷன் என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றான். டாக்டரம்மா வேறொரு மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிடச் சொன்னார். அவர் உறையூரிலிருந்து கிளம்பினார்.

அப்போது புள்ளி அசைந்தது. அசைந்தது மட்டுமில்லை, வேகமெடுத்தது. மண்ணச்சநல்லூரில்கூட நிற்கவில்லை. “கிளம்பிட்டாங்கம்மா, நல்ல ஸ்பீடா வராங்க” என்று நான் தியேட்டருக்குக் கத்திச் சொன்னேன். அந்தப் பெண்ணின் புருஷன் சாமி கும்பிட்டான். கொள்ளிடம், காவேரி, சத்திரம் என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எல்லோருக்கும் உயிர் வந்தது. மேடம் இவ்வளவு வேகமாக ஓட்ட மாட்டாரே என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை விட்டுவிட்டேன்.

வாசலில் வந்து நின்றது மேடத்தின் கார் இல்லை. அந்த மனிதரின் கார். அவருடைய வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் பூராவும் ரத்தம். பின் சீட்டில் மேடம் கிடந்தார், பக்கத்தில் அந்தத் தோள்பை. சாலையின் குறுக்கே ஓடிய ஆடுகளுக்காக மேடம் ஸ்டியரிங்கை ஒடித்ததில் கார் வாய்க்காலில் கவிழ்ந்துவிட்டதாம். கண்ணாடியை உடைத்து அவர்தான் இழுத்து வெளியே போட்டிருக்கிறார். காரை எரிய விடாமல் பேட்டரி ஒயரைக்கூடப் பிடுங்கிவிட்டு வந்திருக்கிறார்.

மேடத்துக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது, தலையில் ஆழமான வெட்டு. ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்தபோது கண்ணைத் திறந்து, “அந்தக் கேஸ்?” என்றார். உறையூர் டாக்டர் அதற்குள் வந்துவிட்டதையும், குழந்தை அழுததையும் சொன்னேன். உடனே கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த மனிதர் அன்றைக்கு எங்களுக்குத் தெய்வமாகிவிட்டார். டாக்டரம்மா தன் அறையில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார். துறையூரில் இருந்தபடியே போனில் புள்ளி நின்றதைப் பார்த்து ஓடிவந்திருக்கிறார் என்று நர்ஸுகள் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். யாரோ ஒருவர் பார்க்கட்டும் என்று மேடம் இத்தனை வருஷம் அனுப்பியது வீண்போகவில்லை என்று நினைத்துக் கண் கலங்கினேன்.

கொஞ்ச நாள் கழித்து மேடம் தலையணையில் சாய்ந்து உட்காரும் அளவுக்குத் தேறியிருந்தபோது அவர் மாதுளம்பழத்தோடு வந்தார். நான் அறையில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே போக எழுந்தேன். மேடம் நல்ல கையால் என் புடவையைப் பிடித்து நிறுத்தினார்.

“கார் விழுந்த உடனே உங்க குரல் கேட்டுது. துறையூர்லேர்ந்து அவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தீங்க?”

அவர் பழத்தை ஸ்டூலில் வைத்தார். “பின்னாடிதான் வந்துட்டிருந்தேன்.”

“அன்னிக்கு மட்டுமா?”

“சனிக்கிழமைல. வேற நாள்லயும் எப்பவாவது. நீ பத்திரமா போறியான்னுதான். வேற ஒண்ணும் இல்ல.”

எனக்குக் கையில் இருந்த டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவர் பின்னால் வராமல் இருந்திருந்தால் மேடம் அந்த வாய்க்காலில் எவ்வளவு நேரம் கிடந்திருப்பார்? அவர் அத்தனை சனிக்கிழமையும் பின்னால் வந்திருக்கிறார். இரண்டும் ஒரே வாக்கியத்தில் எனக்குள் நிற்க மறுத்தன.

மேடம் கத்துவார் அல்லது அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேஸ் விவரம் கேட்கிற குரலில் பேசினார். “என்னைப் பாக்கணும்னா பாருங்க. அது எல்லாருக்கும் பொது. ஆனா நீங்க எங்க இருக்கீங்கன்னு எனக்கும் தெரியணும். பரீட்சை எழுதுங்க, லைசென்ஸ் வாங்குங்க. கார்ல இருந்த பெட்டி சும்மாத்தான் கெடக்கு. நானே தரேன்.”

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, கூச்சப்பட்ட சிரிப்பு. “எனக்கு எதுக்கு இதெல்லாம்? நான் எங்க போறேன், எங்க வரேன்னு ஊருக்கே சொல்லணுமா?”

“நான் சொல்றேனே.”

அவர் மாதுளம்பழத்தை மேடத்தின் கைக்கு எட்டுமாறு நகர்த்தி வைத்தார். பிறகு, “உடம்பப் பாத்துக்க” என்று சொல்லிவிட்டுப் போனார். மேடம் என்னிடம் பையை எடுத்துத் தரச் சொல்லி, பெட்டியைச் சார்ஜில் போடச் சொன்னார். “இதுதான் இதுல ஒரு தொல்லை. சார்ஜ் நிக்கறதே இல்ல” என்றார்.

அந்த மனிதர் திரும்ப வரவில்லை. மருத்துவமனையில் எல்லோரும் இதைப் பற்றியே பேசினார்கள். உயிரைக் காப்பாற்றியவரிடம் பரீட்சை எழுதச் சொல்வதா என்று டாக்டரம்மாவுக்கே வருத்தம். ஒரு நர்ஸ், இதே காரியத்தை வேறு ஆள் செய்திருந்தால் போலீசுக்குப் போயிருப்போம் என்றார். இரண்டு பேர் பேசும்போதும் நான் தலையை ஆட்டினேன். வீட்டில் என் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். அதற்குப் பிறகு எங்கே இருக்கிறாய் என்ற போன்கள் குறைந்தன. கொஞ்ச நாளில் அந்தப் போன்களை நானே எதிர்பார்க்க ஆரம்பித்தேன். அதுவும் எனக்கு விளங்கவில்லை.

எலும்பு கூடியதும் மேடம் வேறொரு கார் வாங்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். புள்ளியும் திரும்பியது. இந்தத் தடவை அவரே எங்கள் எல்லோர் போனிலும் வரைபடத்தைப் போட்டுக் கொடுத்தார். ஆயாவையும் வாட்ச்மேனையும்கூட விடவில்லை. “நெறைய பேர் பாக்கணும்” என்றார். “நீங்கல்லாம் பாத்தா எனக்குச் சௌகரியம்.” இந்த ஒன்றை மட்டும் நான் புரிந்துகொண்டதாக நம்புகிறேன். அதற்குப் பிறகு வேலை இல்லாத நேரத்திலும் அவர் எங்கே போகிறார் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

ஒரு மத்தியானம், நோயாளி வரத் தாமதமானதால் மேடம் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அவருடைய புள்ளி தென்னூரிலேயே நின்றுகொண்டிருந்தது. குனிந்து மௌஸைப் பிடித்தார். வரைபடத்தை வடக்கே நகர்த்தினார். காவேரி போயிற்று, கொள்ளிடம் போயிற்று, மண்ணச்சநல்லூர், புலிவலம். துறையூர் வந்ததும் நிறுத்தி, தெருக்கள் தெரியும்வரை பெரிதாக்கினார். ஒவ்வொரு தெருவாக மெதுவாகத் தள்ளிப் பார்த்தார். எதிலும் ஒன்றும் இல்லை.

“யாரத் தேடறீங்க மேடம்?”

“புதுசா யாராவது லைசென்ஸ் வாங்கியிருக்காங்களான்னு பாத்தேன்.”

முகத்தைப் பார்க்கத் திரும்பினேன். ஏற்கெனவே மாஸ்க் போட்டுவிட்டிருந்தார். கண்ணை வைத்து மட்டும் எதையும் சொல்ல முடியவில்லை. யாரும் இல்லையே என்று நிம்மதியா, இன்னும் இல்லையா என்று தவிப்பா? கேட்டால், சத்திரத்தில் டிராஃபிக் என்பார்.

நர்ஸ் வந்து கேஸ் ரெடி என்று கூப்பிட, அவர் போய்விட்டார். வரைபடத்தைத் தென்னூருக்குக் கொண்டுவர மௌஸில் கை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். அவர் தியேட்டரிலிருந்து வெளியே வரும்வரை துறையூர்த் தெருக்கள் அப்படியே திரையில் திறந்து கிடந்தன.